முறுக்கு ஏறினால்தான் நிற்கும்

என் மகள் துர்காவின் உடம்பில் இருப்பதற்கு எங்கள் வீட்டில் முறுக்கு என்று பெயர். டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள். அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. காலையில் "இன்னிக்கு முறுக்கு ஜாஸ்தியா இருக்குது மாமா" என்று என் மனைவி கலைவாணி சொன்னால், குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பூட்டிக்கொண்டு கிடக்கின்றன என்று அர்த்தம். அந்த மாதிரி நாளில் டயப்பர் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முழங்கால்களைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். பிரிக்கப் பிரிக்க அவள் கத்துவாள். கத்தினால் இன்னும் ஏறும். தொடையிடுக்கில் தேங்கிய மூத்திரத்தில் தோல் வெந்து வெள்ளையாக உரிந்து வரும். அந்த நாற்றம் வீட்டின் சுவரிலேயே ஏறிவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை.

அவளுக்கு ஏழு வயது. இரண்டு வயது வரை நடந்தாள். பிறகு விழுந்தாள், தவழ்ந்தாள், படுத்தாள். எலக்ட்ரிக் ஒயர்மேல் ரப்பர் இருப்பதுபோல நரம்புக்குமேல் ஓர் உறை இருக்குமாம். இவளுக்கு அது கரைந்துகொண்டே போகிறது. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருகிற நோய், திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றார் சென்னை டாக்டரம்மா. சொல்லிவிட்டு, "சொந்தத்துல கல்யாணம் பண்ணீங்களா?" என்று கேட்டார். கலைவாணி எனக்கு மாமன் மகள். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள். எங்கள் கல்யாணத்தில் மூன்று பந்தி உட்கார்ந்து தின்றவர்கள்கூட, ஏதோ புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்டில் இருந்தேன். ராத்திரி முழுக்க இவளைப் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்பதால் அந்த வேலையை விட்டேன். லோடு வேன் ஓட்டப் போனேன். தெருவில் அதைச் சொல்கிற விதம் வேறு. "நைட் ஷிப்டுகூட தாங்கல, வந்துட்டாம்பா" என்பார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால் உட்கார்ந்து கதை கேட்பார்கள். என் கதை அவர்களுக்குச் சாயங்கால டீக்குத் தொட்டுக்கொள்ள.

அந்த டாக்டரம்மாதான் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்து வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அளவை ஏற்றினார். கொடுக்கும்முன் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார்.

"இது உங்க பொண்ணை நடக்க வைக்காது. நிக்க வைக்காது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தும், அவ்வளவுதான். வலி குறையும். தூங்குவா. மடியில உட்கார வைக்கலாம். இன்னொண்ணு, இதை உங்க இஷ்டத்துக்கு நிறுத்தவே கூடாது. நிறுத்தணும்னாலும் நான் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் நிறுத்தணும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று கலைவாணியும் தலையாட்டினாள். நான் பார்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு நாள் சாயங்காலம் அவள் என் மடியில் வளைந்து உட்கார்ந்தாள். குழந்தைகள் மடியில் வளைந்து உட்காரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதுவரை அவளைத் தூக்கினால் பலகையைத் தூக்குவது மாதிரி இருக்கும். ராத்திரி தூங்கினாள். நாங்களும் தூங்கினோம். தொடைப் புண் ஆறியது. எச்சில் மட்டும் முன்பைவிட அதிகமாக வடிந்தது. கழுத்து கொஞ்சம் தொங்கியது. அதற்கென்ன, துணி வைத்துத் துடைத்தால் போகிறது.

ஆனால் அவள் நிற்பது போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாத்திரைக்கு முன்னால் துர்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தரையில் வைத்தால், முறுக்கில் கால்கள் இரண்டும் கம்பிபோல விறைத்து, அவள் கட்டைவிரல் நுனியில் நேராக நிற்பாள். அது அவள் நிற்பது இல்லை. முறுக்கு அவளை நிறுத்தி வைத்திருந்தது. கலைவாணியின் அண்ணன் இளவரசனுக்கு இது ஒரு வித்தை. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் குழந்தையை வாங்கி நடுக்கூடத்தில் நிறுத்துவான். "பாத்தியா எம் மருமவள! எப்டி நிக்கிறா பாரு!" கூட்டம் கை தட்டும். அவள் கத்துவாள். "வெக்கப்படுது" என்பார்கள்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு நிச்சயதார்த்தத்தில் அதே மாதிரி நிறுத்தினான். அவள் ஈரத்துணி மாதிரி அவன் கையிலேயே மடங்கினாள். கை தட்டத் தயாராக இருந்தவர்கள் "த்சொ த்சொ" என்றார்கள். இளவரசனின் முகம் போன போக்கைப் பார்த்தேன். யாரோ அவன் சட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"இன்னா மாப்ள, புள்ளைய இப்டி கொழகொழன்னு ஆக்கி வெச்சிக்கிறீங்க?"

"வலி இல்லாம இருக்கா மச்சான்."

"வலி இல்லன்னு அவ சொன்னாளா உங்கிட்ட?"

அவளுக்குப் பேச்சு போய் மூன்று வருஷம் ஆகிறது. இது அவனுக்குத் தெரியும். இதை ஒரு ஜோக்காகச் சொல்லிவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

இளவரசனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்கு முறுக்கு ஏற்றும் மெஷின் ஷெட் இருக்கிறது. வார்டில் கட்சிப் பொறுப்பும் இருக்கிறது. வெள்ளைச் சட்டையோடுதான் மெஷின் பக்கத்தில் நிற்பான். ஒரு நாள் கலைவாணியைக் கூட்டிவர அங்கே போனபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தான். நூல்கண்டில் இருந்து ஒரு இழையை உருவினான்.

"இது முறுக்கு ஏத்தாத பட்டு. புடி."

பிடித்தேன். சுண்டினான். இழை பஞ்சுபோலப் பிரிந்து அறுந்தது.

"இப்ப இத்தப் புடி. இது தறியில நெடுக்க ஓடற பாவுக்குப் போறது. முறுக்கு ஏத்தினது." சுண்டினான். வீணைத் தந்தி மாதிரி நின்றது. "நிக்குதா? முறுக்கு ஏறினாத்தான்யா நிக்கும். முறுக்க எடுத்துட்டா எந்த எழையும் நிக்காது. கொயந்தைக்கு கடவுள் குடுத்த முறுக்கு அது. அத்த மாத்திரை போட்டு எறக்கிக்கினு கீறீங்க. அப்பறம் நிக்கல நிக்கலன்னா எப்டி நிக்கும்?"

"நிக்கலைன்னு நான் எங்க மச்சான் சொன்னேன்?"

"நீ சொல்ல மாட்ட. எந்தங்கச்சிய கேளு."

கலைவாணி கதவோரம் துர்காவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் அந்த அறுந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு நூலைக் காட்டிச் சொன்னால் எதுவும் மண்டையில் ஏறிவிடும். நானும் தறிக்காரன் வீட்டில் பிறந்தவன்தான். ஒரு நொடி எனக்கே சரியென்று பட்டது.

"பட்டும் புள்ளையும் ஒண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுன்னு சொல்லல. ஒரு பேச்சுக்கு சொன்னேன்" என்றான். அவன் பேச்சுக்குச் சொல்லவில்லை.

ஆடி வந்தது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எனக்கு ஒரு லோடு அமைந்தது. வாலாஜாபாத் மில்லில் அரிசி ஏற்றி, மைசூர் வரை இறக்கிக்கொண்டே போக வேண்டும். கலைவாணி அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். தனியாக எப்படிப் புரட்டுவது, அங்கே அண்ணி இருக்கிறாள் என்றாள். நியாயம்தான். மாத்திரை அட்டைகளை நானே அவள் பையில் வைத்தேன்.

தினமும் போன் செய்தேன்.

"மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன் மாமா."

"வீடியோ கால் போடு, பாக்கறேன்."

"தூங்கறா மாமா. அப்பறம் போடறேன்."

அப்புறம் போடவில்லை. அதற்கு அடுத்த நாள் குரலே ஒரு மாதிரி இருந்தது. பின்னால் துர்கா கத்துவது கேட்டது. அந்தக் கத்தல் எனக்குத் தெரிந்த கத்தல். மாத்திரைக்கு முந்தைய கத்தல். என்ன என்று கேட்டேன். "கொசு கடிக்குது" என்றாள். பொய் சொல்லிப் பழகாதவள் சொல்கிற பொய். ஆனால் நான் நம்பினேன், ஏனென்றால் கையில் ஸ்டியரிங் இருந்தது, பின்னால் மூட்டை இருந்தது.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். போனில் தெரு குரூப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. மேலே பூவும் வேப்பிலையும் போட்டு, அம்மன் பாட்டு ஒட்டி யாரோ தயார் பண்ணியிருந்தார்கள். அரக்குக் கலரில் பட்டுப் பாவாடை கட்டி, கழுத்தில் மாலை போட்டு, நெற்றி நிறையக் குங்குமம் அப்பி ஒரு சின்ன உருவம் கட்டைவிரல் நுனியில் நேராக நின்றது. இரண்டு கைகளும் மேலே விறைத்திருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அக்குளில் இருந்த கைகளின் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது: 'துர்காவுக்கு அம்மன் அருள். நடக்க முடியாத குழந்தை எழுந்து நின்ற அதிசயம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருத்தன் மாரடைப்பு வந்ததுபோல இருபது இதயம் போட்டிருந்தான்.

டீயைக் கீழே ஊற்றினேன். கலைவாணிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இளவரசனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வேனைக் கிளப்பினேன். ஆம்பூர், வேலூர் எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

நான் தெருவுக்குள் நுழையும்போது ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயில். பந்தலுக்குக் கீழே கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன. முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் ஒன்றாக மணத்தன. ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. கோயில் வாசலில் ஒரு மர மேடை. அதன்மேல் என் மகள். பின்னால் இளவரசன்.

முதலில் கூட்டத்தைத்தான் பார்த்தேன். அதைத் தாண்டி அவளிடம் போக முடியவில்லை. எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், எதிர்வீட்டுக்காரி, என்னை நைட் ஷிப்டு என்று கிண்டலடிக்கிற பையன்கள், எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் துர்காவின் விறைத்த கால்விரல்களில் நெற்றியை வைத்து அழுத்தினாள். அந்த விரல்கள்தான் மொத்த உடம்பையும் தாங்கிக்கொண்டிருந்தன.

"தாயே, எம் பொண்ணுக்கு எப்பம்மா வரன் அமையும்? ஒரு வார்த்த சொல்லு தாயே."

துர்கா பல்லை நறநறவென்று கடித்தாள்.

"ஆவணிலன்னு சொல்லுது" என்றான் இளவரசன்.

இன்னொருத்தி எழுந்து, அவள் தாடையில் வடிந்த எச்சிலை விரலில் தொட்டுத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். பிறகு இடுப்பில் இருந்த தன் குழந்தைக்கும் பூசினாள். இதே பெண், போன மாசம் எங்கள் வீட்டில் துர்கா பக்கத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் பார்த்தேன்.



பானைப் பக்கத்தில் பொன்னியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக ஆடிக்கு ஆடி எங்கள் தெருவில் சாமி வருவது அவளுக்குத்தான். மஞ்சள் புடவை கட்டி, தலைமுடியை விரித்து, தயாராகத்தான் வந்திருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

"சாமின்னா ஆடும்யா" என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இது ஆடுதா? கட்ட மாதிரி நிக்குது. நான் பாக்காத சாமியா? இன்னா சாமியோ, வந்ததுலருந்து குறி இளவரசன்தான் சொல்றான்."

"உனுக்கு இன்னா ஆயா, பொறாம" என்றான் ஒரு பையன்.

"ஆயான்னு கூப்ட்ட, வேப்பலையாலயே அடிப்பேன்."

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். துர்காவின் கன்னத்தைத் தொட்டேன். அடுப்புமேல் கை வைத்த மாதிரி இருந்தது. குங்குமம் வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கியிருந்தது. கண் ஒரு பக்கமாகச் சொருகிச் சொருகித் திரும்பியது. உடம்பை அந்த விறைப்போடேயே மாலையின்மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரிப்பு. சொறிய அவளுக்குக் கை வராது. கழுத்தெல்லாம் சாமந்தித் தண்டு கிழித்த கோடுகள்.

"விடு மச்சான்."

"மாப்ள, வந்துட்டியா! பாரு மாப்ள, நிக்கிறா!" அவன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"காய்ச்சல் அடிக்குது. விடுடா."

"சாமி வந்தா ஒடம்பு அனலாத்தான் இருக்கும். கூழு ஊத்தற வரைக்கும் இரு மாப்ள. கவுன்சிலரு வந்துக்கினே இருக்காரு. ஒரு போட்டோ எடுத்துக்கினு..."

கலைவாணி மேடையோரம் விசிறியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் விசிறி நின்றது.

"எப்ப நிறுத்தின?"

அவள் விசிறியைக் கீழே போட்டாள்.

"கலை, மாத்திரை எப்ப நிறுத்தின?"

"வந்த அன்னிக்கே" என்றாள். "கொஞ்ச நாளுதான, கூழு ஊத்தினதும் குடுத்துக்கலாம்னு அண்ணன்..."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. நேரம் இல்லை. இளவரசனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளை வாங்கினேன். திரும்பினால் வழி இல்லை. கூட்டம் அப்படியே அடைத்து நின்றது.

"சாமிய எறக்காம தூக்கினு போவக் கூடாதுப்பா!"

"மலையேத்தினு அப்பறம் எடுத்துக்கினு போ. தெருவுக்கே ஆவாது!"

"ஏ, கற்பூரம் கொண்டாங்க. உள்ளங்கையில ஏத்தணும்!"

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். சாமி வந்தவர் கையில் கற்பூரம் ஏற்றி, ஆரத்தி காட்டி, சாமியை மலையேற்றி அனுப்பிவிட்டுத்தான் ஆளைத் தொட விடுவார்கள். ஒருத்தன் கற்பூரக் கட்டியோடு வந்தேவிட்டான். மூடிக்கிடந்த அவள் உள்ளங்கையைப் பிரிக்கப் பார்த்தான். அது பிரியாது. நான் எட்டி உதைத்தேன். அவன் கூழ்ப்பானைமேல் விழுந்தான். கூழ் கொட்டியது. அவ்வளவுதான், எல்லோருக்கும் கோபம் வந்துவிட்டது. காய்ச்சலுக்கு வராத கோபம் கூழுக்கு வந்தது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். துர்கா என் கையில் வில்லாகப் பின்பக்கம் வளைந்தாள். வளைந்து, கைகால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். வாயில் நுரை.

"பாரு, சாமி கோவப்படுது!"

அப்போதுதான் பொன்னியம்மாள் ஒரு சத்தம் போட்டாள். ஸ்பீக்கரைத் தாண்டிய சத்தம். மஞ்சத்தண்ணிக் குடத்தைத் தூக்கி எங்கள் இருவர் தலையிலும் அப்படியே கவிழ்த்தாள்.

"மலையேறிட்டேண்டா! நாந்தான் சொல்றேன், மலையேறிட்டேன்! வழிய வுடுங்கடா!"

தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தாள். கூட்டம் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. கற்பூரமும் அவளிடம் போனது. இளவரசனைத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினாள். ஆடிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்து, "இன்னாடா மரமாட்டம் நிக்கற, ஓடு!" என்றாள். அது சாமி குரல் இல்லை. அவள் குரல். இரக்கத்தில் செய்தாளா, தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கச் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. ஓடினேன்.

கலைவாணி பின்னால் ஓடி வந்து வேனில் ஏறினாள். அவள் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு ஹாரனை அழுத்திப் பிடித்தபடி போனேன். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டர். மஞ்சளும் குங்குமமும் சாமந்தியுமாகக் கிடந்த குழந்தையைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தார்.

"என்னம்மா பிரச்சனை?"

"இழுப்பு சார்" என்றாள் கலைவாணி.

இழுப்பு என்றால் எங்கள் பக்கம் எல்லாமும்தான். வலிப்பும் இழுப்பு, மூச்சு இரைப்பதும் இழுப்பு, கைகால் விறைப்பதும் இழுப்பு. அவர் வலிப்பு மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டார். நான் கலைவாணியின் பையைப் பிடுங்கிக் கொட்டினேன். அட்டைகள் விழுந்தன. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. நான் வைத்தது வைத்தபடி இருந்தன.

"சார், இத்த திடீர்னு நிறுத்திட்டாங்க சார். அதனாலதான் எல்லாம்."

அவர் அட்டையைப் படித்தார். படித்ததும் முகம் மாறியது. வெட்டு நிற்க ஊசி போட்டார்கள். நர்ஸ் ஒரு மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாக உள்ளே விட்டாள். சென்னைக்குப் போன் பண்ணி, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் கலைவாணி முதலில் அழுதாள். பிறகு நிறுத்தினாள். சுங்குவார்சத்திரம் தாண்டும்போது தானாகப் பேசினாள்.

"என் இடுப்புக்கு மேல வர்றா மாமா."

எனக்குப் புரியவில்லை.

"அவளோட ஒசரம். எந்நேரமும் படுத்தே இருக்கறதால அவ எவ்ளோ வளந்துருக்கான்னே எனக்குத் தெரில. பாவாட கட்டி நிக்க வெச்சப்பதான் பாத்தேன். இவ்ளோ ஒசரம்." மார்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "அத்த பாத்ததும், இன்னும் ஒரு நாளு, இன்னும் ஒரு நாளுன்னு... கத்தினா மாமா. கத்தினான்னு தெரியும். பாத்துக்கினேதான் இருந்தேன்."

திட்டுவதற்கு வார்த்தைகள் நிறைய இருந்தன. எல்லாம் வாயில் கசந்துகொண்டு கிடந்தன. இவளையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்து வெறுத்துவிட்டால் வேலை சுலபமாக இருந்திருக்கும். உயரம் காட்டிய கையை அவள் மார்புக்குக் கீழேயே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

சென்னையில் ஐசியுவில் வைத்தார்கள். டாக்டரம்மா வந்தார். என்னைத் திட்டவில்லை, கலைவாணியைத் திட்டவில்லை. "இன்னும் ஒரு நாள் தாமதமாயிருந்தா சிறுநீரகம் போயிருக்கும். உயிரும் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "எதுக்கு நிறுத்தினீங்க?" என்றார்.

"நிக்கறதுக்கு" என்றாள் கலைவாணி.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். கையில் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். அடுத்த படுக்கைக்குப் போனார்.

மருந்து மறுபடி பிடிக்கச் சில நாட்கள் ஆயின. காய்ச்சல் முதலில் இறங்கியது. அரிப்பு நின்றது. கடைசியாக முறுக்கு இறங்கியது. வார்டுக்கு மாற்றினார்கள். நெற்றிக் குங்குமத்தின் கறை மட்டும் போகவில்லை. ஏஞ்சல் என்கிற நர்ஸ் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "பட்டுக்குப் போடுற சாயமா அண்ணா இது?" என்றாள்.

இளவரசன் வந்தான். அதே வெள்ளைச் சட்டை. எவர்சில்வர் தூக்கில் கூழ், பொட்டலத்தில் குங்குமம். என்னிடம் மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்கவில்லை.

"தெருல எல்லாரும் கேக்கறாங்க மாப்ள. வீடியோ எங்கயோ போயிடுச்சு. திருப்புட்குழியிலருந்துகூட பாக்க வந்துட்டு, ஆளில்லன்னு திரும்பிப் போனாங்க. பொன்னியம்மா வேற, நாந்தான் எறக்கினேன் நாந்தான் எறக்கினேன்னு சொல்லிக்கினு திரியறா."

"போயிடு மச்சான்."

"இருப்பா. எம் மருமவளப் பாக்க வந்தேன்." படுக்கை அருகே போனான். நான் எழுவதற்குள் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பழக்கம். கால்களைத் தரையில் தொட வைத்தான். "எங்க, நில்லு பாக்கலாம்..."

அவள் மடங்கினாள். முழங்கால் மடங்கியது, இடுப்பு மடங்கியது, தலை அவன் மணிக்கட்டில் சாய்ந்தது. வாயில் இருந்து எச்சில் அவன் கையில் நீளமாக ஒழுகியது.

"யோவ், யாருய்யா நீ?" என்று ஏஞ்சல் அந்தக் கோடியில் இருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள். "கீழ போட்டுடாத! படுக்க வை!"

படுக்க வைத்தான். கையைப் பார்த்தான். அதைக் கட்டில் விரிப்பின் ஓரத்தில் துடைத்தான். புறங்கையை, பிறகு விரல் இடுக்கை, பிறகு மோதிரத்தைக் கழற்றி அதன் உள்பக்கத்தை. துடைத்துவிட்டு மூக்கின் அருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தான். மேடையில் அத்தனை நேரம் அவன் கையிலெல்லாம் வழிந்த அதே எச்சில்தான்.

"எல்லாம் போச்சு" என்றான் தங்கையைப் பார்த்து. "வெறும் துணியா ஆக்கிட்டாங்கமா."

கலைவாணி அண்ணன் துடைத்த அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போண்ணா. அவளுக்கு டயப்பர் மாத்தணும்."

"மாத்து. நான் இன்னா..."

"போண்ணா."

அவன் போனான். போகும்போது குங்குமப் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான். அதை நான் குப்பைக் கூடையில் போட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரி அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் வழக்கம்போல முழங்கால்களைப் பிடிக்க எழுந்தேன். "வேணாம் மாமா, உக்காரு" என்றாள் கலைவாணி. பழைய டயப்பரின் பட்டையைப் பிரித்தாள். நாற்றம் வந்தது. ஒரு கையை மெல்ல முழங்கால்களுக்கு நடுவே விட்டாள். கை உள்ளே போனது. துர்கா கத்தவில்லை. உத்திரத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கலைவாணி ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.